இரேனியஸும் தர்ம சங்கமும்: நெல்லைத் தேரிநிலக் குடியிருப்புகளின் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கண வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இடம்பெற்றவர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ் (1790–1838). அவர் திருநெல்வேலிப் பகுதியில் சமயச் சங்கங்களின் வழியாகக் குடியிருப்புகளை உருவாக்கியவர் என்பது ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. 1830இல் தோன்றிய தர்ம சங்கத்தை மையமாகக் கொண்டு அவருடைய வாழ்வை இக்கட்டுரை நோக்குகிறது. மனை உரிமை இல்லாத மக்களுக்கு நிலத்தைப் பொதுவில் பெற்றுத் தந்ததே அச்சங்கத்தின் அடிப்படைப் பணி என்பதும், அப்பணியின் வலிமையும் குறையும் அந்த நில உரிமையிலிருந்தே தோன்றின என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: இரேனியஸ், தர்ம சங்கம், தேரிநிலம், முருகன்குறிச்சி, மெய்ஞ்ஞானபுரம், ஊர்ப்பெயர்.

முன்னுரை

குலசேகரன்பட்டினம் துறைமுகத்திலிருந்து உள்நாடு நோக்கிச் சாத்தான்குளம் வரை செல்லும் நிலப்பகுதி, செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் நிறைந்தது. தாமிரபரணிப் பாசனம் எட்டாத இந்நிலத்தில் நெல்லுக்கு இடமில்லை. பனையே இங்கு வாழ்வுக்கு ஆதாரமாக இருந்தது. ஊர்கள் -விளை, -குளம், -குடி என்னும் ஈறுகளைப் பெற்றிருந்தன. இவற்றிடையே மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம், ஆசீர்வாதபுரம் என -புரம் ஈறு கொண்ட பெயர்களும் காணப்படுகின்றன. பழைய ஊர்ப்பெயர்கள் நிலத்தின் இயல்பைச் சுட்ட, இப்பெயர்கள் ஒரு நம்பிக்கையைச் சுட்டுகின்றன. இவற்றுள் சில இரேனியஸ் காலத்திலும், சில அவருக்குப் பின் அவர் வகுத்த நெறியிலும் அமைந்தவை. இப்பெயர் மாற்றத்திற்குப் பின்னால் ஒரு குடியிருப்பு மாற்றம் உண்டு. அதனை விளங்கிக்கொள்ள இரேனியஸின் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

இளமையும் பின்புலமும்

இரேனியஸ் 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரசியாவின் கிரவுதென்சுக் கோட்டையில் பிறந்தார். தந்தையார் பிரசியப் படையில் அதிகாரியாக இருந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்த இரேனியஸ் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். சமயத் தொண்டர்களின் வரலாறுகளைப் படித்ததால் அப்பணியில் நாட்டம் கொண்டு, பெர்லினில் யோகன்னஸ் யேனிக்கே நடத்திய தொண்டர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். யேனிக்கே, புகலிடம் தேடி வந்த பொகீமிய மக்களின் திருச்சபையில் போதகராக இருந்தவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

செருமானியப் பத்திமை இயக்கத்திற்கு வழிபாட்டோடு குடியிருப்பையும் சீர்செய்யும் மரபு ஒன்று இருந்தது. ஆல்லே நகரின் புறத்தே கிளவுக்கா என்னும் வறிய பகுதியில் ஆகஸ்ட் எர்மன் பிராங்கே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதரவற்றோர் இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் ஆகியவற்றை நிறுவி அப்பகுதியின் நிலையையே மாற்றினார். 1722இல் சின்சென்டோர்பின் நிலத்தில் மொராவிய அகதிகள் எர்ன்கூட் என்னும் ஊரை எழுப்பினர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஆல்லே மரபின் வழிவந்தவர். இரேனியஸ் தமிழகத்திற்கு வந்தபோது இம்மரபுக்கு இங்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருந்தது.

1812இல் லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்ற இரேனியஸ், இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பட்டு 1814ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையை அடைந்தார். தரங்கம்பாடியில் சில திங்கள் தங்கித் தமிழ் பயின்றபின் சென்னைக் கறுப்பர் நகரத்தில் பணியாற்றினார். அங்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்தன. அதன் பின்னரே அவருடைய வாழ்வின் முதன்மையான காலம் தொடங்கியது.

பாளையங்கோட்டையில் ஒரு புதுப்பகுதி

1820ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் இரேனியஸ் பாளையங்கோட்டையை அடைந்தார். அங்கிருந்த படைக்குரு சேம்சு ஆப் முன்னரே சில பள்ளிகளைத் தொடங்கி, நிலையான தொண்டர் ஒருவரை அனுப்புமாறு சங்கத்தைக் கேட்டிருந்தார். பாளையங்கோட்டையில் கிறித்தவம் அதற்கு முன்பே வேர்கொண்டிருந்தது. 1780இல் நாற்பது பேர் கொண்ட சிறு சபை அங்கு இருந்தது. 1785இல் குளோரிந்தா என்னும் பெண்மணியின் முயற்சியால் கோயில் ஒன்றும் எழுந்தது. எனினும் அச்சபை கோட்டையையும் படையையும் சார்ந்த சிறு கூட்டமாகவே நின்றது.

இரேனியஸ் கோட்டைக்கு வெளியே முருகன்குறிச்சியைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தார். இந்து சமயத்தவரான வேங்கு முதலியாரிடமிருந்து அங்கு நிலம் பெறப்பட்டது. அவ்விடத்தில் இல்லமும் பயிற்சிப் பள்ளியும் எழுந்தன. 1826ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் திரித்துவ ஆலயம் திறக்கப்பட்டது. இரேனியஸும் அவருடைய துணைவியாரும் உடன்பணியாளர் பெர்னார்டு சிமித்தும் பெண்பிள்ளைகளுக்கும் கல்வி தர முற்பட்டனர். கோட்டையின் ஓரத்தில் இருந்த ஒரு குறிச்சி, வழிபாடும் கல்வியும் ஓரிடத்தில் கூடிய நகர்ப்பகுதியாக மாறியது. பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு எனப் பிற்காலத்தில் பெயர்பெற்றதற்கு முருகன்குறிச்சியில் இடப்பட்ட இத்தொடக்கம் ஒரு காரணமாகும்.

இங்கேயே இரேனியஸ் ஒரு கடினமான சிக்கலை எதிர்கொண்டார். பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்ண வேண்டும் என்று அவர் விதித்தார். உயர்சாதி எனக் கருதப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் மறுத்தனர். விதியைத் தளர்த்துவதைவிடப் பள்ளியைக் கலைப்பதே நன்று என அவர் முடிவு செய்தார். பின்னர் அது மீண்டும் தொடங்கப்பட்டது. ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் அவரால் உறுதியாக நிறுத்த முடிந்த இந்நெறியை ஊர்களின் அமைப்பில் எவ்வளவு தூரம் நிலைநாட்ட முடிந்தது என்பது இக்கட்டுரையில் பின்னர் ஆராயப்படும்.

மனை உரிமையும் சமய மாற்றமும்

1823 முதல் சாத்தான்குளம் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் மக்கள் கிறித்தவத்தைத் தழுவத் தொடங்கினர். இவர்களுள் பெரும்பாலோர் பனையேறும் நாடார் குடும்பத்தினர். இப்பகுதியில் பனைகளும் மனைகளும் பெரும்பாலும் நிலவுடைமைக் குடும்பங்களின் கையில் இருந்தன. பனையேறுவோர் பிறர் மரத்தில் ஏறிப் பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தனர். ஊர்க்கோயிலுக்கு வரி கொடுப்பதும் கொடை விழாவில் பங்கேற்பதும் அந்தக் குடியிருப்பு உறவின் பகுதிகளாகவே இருந்தன.

ஆகவே ஒரு குடும்பம் கோயில் வரியை நிறுத்தியபோது அது தெய்வத்தோடு கொண்ட உறவை மட்டும் மாற்றியதாகக் கொள்ளப்படவில்லை. நிலவுடைமையாளரோடும் ஊரோடும் இருந்த உறவையும் அது முறித்தது. குடிசை நின்ற மண் பிறருடையது. மண்ணுக்குரியவர் விரும்பாதபோது குடிசையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. வழிபாட்டிற்கென எழுப்பிய ஓலைக்கூரைக் கூடங்களும் இவ்வாறே நிலையற்றிருந்தன. நம்பிக்கையை ஏற்ற மக்களுக்கு நிற்க இடமில்லை என்பதே இரேனியஸின் முன் இருந்த நடைமுறைச் சிக்கல்.

இதற்கு முன்னோடி ஒன்று இருந்தது. இரேனியஸ் வருவதற்கு முன்னர், 1799இல், தாவீது சுந்தரானந்தம் என்னும் உள்நாட்டு உபதேசியார் ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களைத் திரட்டி, எவரெட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரின் உதவியோடு வாங்கிய நிலத்தில் முதலூரை நிறுவினார். முதலில் அமைந்த கிறித்தவ ஊர் ஆதலால் அது முதலூர் எனப் பெயர் பெற்றது. அதன்பின் பெத்லகேம் என்னும் ஊரும் எழுந்தது. புகலிட ஊர் என்னும் கருத்து ஐரோப்பியர் ஒருவரின் திட்டமாக மட்டும் இங்கு வரவில்லை. தாவீது சுந்தரானந்தத்தின் அனுபவத்தில் அது முன்னரே உருப்பெற்றிருந்தது. அதனை ஒரு நிறுவனமாக வளர்த்தது இரேனியஸின் பங்கு.

தனியாள் கொடையால் உருவான ஊருக்கும் எடுத்துக்காட்டு உண்டு. பிரசியாவின் டோனா பிரபு அளித்த பொருளுதவியால் 1827இல் களக்காட்டுக்கு அருகில் கோயிலோடு ஓர் ஊர் எழுந்தது. அவர் பெயரால் அது டோனாவூர் எனப்பட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான ஊர்களில் பரவிய மக்களுக்குத் தொலைநாட்டுப் பிரபுக்களின் கொடை எப்போதும் கிடைக்கக்கூடியதன்று. உள்ளூரிலேயே நிலைத்து நிற்கும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

தர்ம சங்கத்தின் தோற்றமும் செயல்முறையும்

1830இல் தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. நிலம் வாங்குதல், மனைகளாகப் பகுத்துக் குடும்பங்களைக் குடியேற்றுதல், வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் கட்ட உதவுதல் ஆகியன அதன் நோக்கங்கள். உள்நாட்டுக் கிறித்தவர்களும் உபதேசியார்களும் செலுத்திய நன்கொடையும் ஐரோப்பிய நண்பர்கள் அளித்த உதவியும் அதன் பொருள்வளம். சங்கம் வாங்கிய நிலத்தில் வாழ்ந்த குடும்பத்தை அதன் வழிபாட்டைக் காரணம் காட்டி எவரும் வெளியேற்ற இயலாது. இந்த ஒரு பாதுகாப்பே மற்ற மாற்றங்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

சங்கத்தின் பெயரும் கருதத்தக்கது. அறம், ஈகை, கடமை என்னும் பொருள்களைத் தமிழ் மக்களின் உள்ளத்தில் எழுப்பும் தர்மம் என்னும் சொல்லே அதற்குப் பெயராக அமைந்தது. மொழிபெயர்ப்பிலும் இரேனியஸ் இதே நெறியைப் பின்பற்றினார். மூலத்தின் சொல்லமைப்பை அப்படியே பெயர்க்காமல், தமிழர் இயல்பாகப் பேசி எழுதும் நடையில் விவிலியம் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை விளக்கி 1827இல் தனி நூலே எழுதினார். பப்ரிசியசின் பெயர்ப்பைப் போற்றியோர் இதனை எதிர்த்தனர். மொழியிலும் அமைப்பிலும் உள்நாட்டு மரபில் காலூன்றி நிற்க வேண்டும் என்னும் ஒரே மனப்பாங்கு இவ்விரு பணிகளிலும் வெளிப்படுகிறது.

இவ்வாறு உருவான ஊர்களில் வீடுகள் தெருக்களாக வரிசையில் அமைந்தன. நடுவில் அமைந்த கூடம் காலையும் மாலையும் வழிபாட்டிடமாகவும் இடைப்பொழுதில் பள்ளியாகவும் பயன்பட்டது. உபதேசியார் ஊரிலேயே வாழ்ந்து போதகராகவும் பிணக்குகளைத் தீர்ப்பவராகவும் விளங்கினார். அவர் குறித்த காலங்களில் பாளையங்கோட்டைக்குச் சென்று தம் ஊரின் நிலையைத் தெரிவித்து மேலும் பயிற்சி பெற்றார். பாளையங்கோட்டை நகரும் தேரிநிலச் சிற்றூர்களும் இவ்வாறு ஒரே வலைப்பின்னலில் இணைந்தன. மனை உரிமையோடு எழுத்தறிவும் சேர்ந்ததால், பத்திரத்தைத் தானே படிக்கவும் மனுவைத் தானே எழுதவும் வல்ல தலைமுறை ஒன்று உருவாக வழி ஏற்பட்டது.

தர்ம சங்கம் தனித்து நிற்கவில்லை. நூல்களை அச்சிட்டுப் பரப்பும் சங்கமும் இறந்த பணியாளர்களின் மனைவியரைக் காக்கும் விதவையர் நிதியும் அவர் காலத்தில் தோன்றின. இவையெல்லாம் உறுப்பினர் சந்தா செலுத்திப் பொதுநிதியைக் காக்கும் அமைப்புகள். சிற்றூர் மக்களுக்குச் சந்தா, கணக்கு, கூட்டம் ஆகியவற்றை இவை அறிமுகப்படுத்தின.

இதே ஆண்டுகளில் அவருடைய எழுத்துப்பணியும் தொடர்ந்தது. 1832இல் பூமி சாஸ்திரம் வெளிவந்தது. 1834இல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் வெளிவந்தது. பள்ளிகளுக்கு நூல் தேவைப்பட்டது. புதிதாக வரும் தொண்டர்கள் மக்களின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஊர்களின் தேவையிலிருந்து இந்நூல்கள் பிறந்தன என்று கொள்வதே பொருத்தம்.

ஊர்ப்பெயர் தரும் சான்று: நெடுவிளை

குலசேகரன்பட்டினத்திற்கு உட்புறமாகச் சிறிது தொலைவில் உள்ள மெய்ஞ்ஞானபுரம் முன்னர் நெடுவிளை எனப்பட்டது. நன்செய் அல்லாத மேட்டுநிலத்தை விளை என்பது தென்பாண்டி வழக்கு. நீண்ட மேட்டுநிலம் என்னும் பொருளுடைய அவ்விடம் இரேனியஸ் காலத்தில் கிறித்தவக் குடியிருப்பாகி மெய்ஞ்ஞானபுரம் ஆயிற்று. இப்பெயரில் விவிலியச் சொல் ஏதும் இல்லை. சைவ சித்தாந்தமும் சித்தர் மரபும் நன்கறிந்த மெய்ஞ்ஞானம் என்னும் சொல்லே புதிய பொருளோடு ஊர்ப்பெயராகியது. பனையேறிகள் எனப் பிறரால் தாழ்த்தி அழைக்கப்பட்ட மக்கள், தம் ஊரின் பெயரைச் சொல்லும்போதே ஒரு மதிப்பைச் சொல்லிக்கொள்ள அது இடம் தந்தது.

இரேனியஸின் மறைவை ஒட்டிய ஆண்டுகளில் மெய்ஞ்ஞானபுரத்தின் பொறுப்பை ஏற்ற சான் தாமஸ் என்னும் வேல்சு நாட்டவர் 1870இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றினார். கிணறுகள் தோண்டப்பட்டு, வெறும் மணலாய்க் கிடந்த இடம் தோட்டமும் தோப்புமாயிற்று. 1847இல் பெரிய கல்கோயில் எழுந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட அதன் கோபுரம் தேரிக்காட்டில் நெடுந்தொலைவிலிருந்து காணத்தக்கதாக உயர்ந்தது. இது தாமஸின் உழைப்பால் விளைந்தது. எனினும் உழைப்பதற்கு ஒரு மண்ணும், அதை விட்டுப் பெயராத ஒரு மக்கள்கூட்டமும் அவருக்கு முன்பே அமைந்திருந்தன.

பிளவும் உரிமை வினாவும்

1830களின் தொடக்கத்தில் இரேனியஸுக்கும் அவரை அனுப்பிய சங்கத்திற்கும் கருத்து வேறுபாடு முற்றியது. தமிழ் உபதேசியார்களுக்குத் தாமும் உடன்பணியாளரும் லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆங்கிலத் திருச்சபைப் பேராயரே அதனை அளிக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிலை. ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைக் குறித்த நூல் ஒன்றுக்கு அவர் எழுதிய திறனாய்வு இவ்வேறுபாட்டைப் பகையாக்கியது. 1835இல் சங்கம் அவருடனான தொடர்பை முறித்தது. அப்போது அவருடைய கண்காணிப்பில் 250க்கும் மேற்பட்ட ஊர்களில் 11,000க்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர்.

பூசலைத் தவிர்க்க விரும்பி அவர் நெல்லையை விட்டு ஆர்க்காட்டிற்குச் சென்றார். உபதேசியார்கள் பலர் அவரைத் திரும்பி வருமாறு வேண்டினர். அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் திரும்பி வந்து தனி மிஷனாகப் பணியைத் தொடர்ந்தார். சங்கத்தின் சார்பில் சார்சு பெட்டிட் பாளையங்கோட்டையில் பொறுப்பேற்றிருந்தார். ஊர்கள் இரண்டாகப் பிரிந்தன. சில ஊர்களில் ஒரே தெருவின் குடும்பங்கள் இரு பக்கமாக நின்றன.

இப்பிளவு நல்லெண்ண காலத்தில் எவரும் எழுப்பாத வினாவை எழுப்பியது. ஊரார் பொருளும் உழைப்பும் தந்து கட்டிய கூடம் யாருக்கு உரியது? அனுப்பிய சங்கத்திற்கா, அதனை நடத்திய தொண்டருக்கா, அதில் கூடும் மக்களுக்கா? குடியிருப்பைச் சீரமைக்கும் எந்தச் சமய அமைப்பும் இவ்வினாவிலிருந்து தப்ப இயலாது. நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து மக்களை விடுவித்த சங்கம், அந்நிலத்தின் மேல் தானே ஒரு பிடியைப் பெறுகிறது. பழைய உடைமையாளர் வழிபாட்டைக் காரணம் காட்டி விலக்க முடிந்தது போலவே, புதிய உடைமையாளரும் விசுவாச ஒழுங்கைக் காரணம் காட்ட முடியும். இரேனியஸ் இவ்வினாவுக்கு இறுதி விடை காணவில்லை. ஆயினும் உபதேசியார்கள் தாமாகவே கூடி அவரைத் திரும்ப அழைத்தது, அம்மக்கள் பிறர் முடிவுக்குக் காத்திருக்கும் நிலையைக் கடந்துவிட்டனர் என்பதைக் காட்டுகிறது.

1838ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் தம் 47ஆம் வயதில் இரேனியஸ் பாளையங்கோட்டையில் மறைந்தார். அங்குள்ள அடைக்கலபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைவுக்குப் பின் பிரிந்திருந்த ஊர்கள் படிப்படியாக ஒன்றிணைந்தன. அவருடைய நாட்குறிப்புகளை உள்ளடக்கிய வாழ்க்கை வரலாற்றை அவர் மகன் 1841இல் வெளியிட்டார்.

மதிப்பீடு

தர்ம சங்க நெறியின் குறைகளையும் கூறுதல் ஆய்வு நேர்மையாகும். முதலாவது, அது பழைய ஊரைச் சீரமைக்கவில்லை. பழைய ஊரிலிருந்து மக்களைப் பிரித்துப் புதிய ஊரை அமைத்தது. பல சாதியினர் அருகருகே வாழ்ந்த வட்டாரத்தில் ஒரே சமயத்தவர் வாழும் தனி ஊர்கள் தோன்றின. அவற்றுட் பல ஒரே சாதியினர் ஊர்களாகவும் அமைந்தன. பயிற்சிப் பள்ளியின் பந்தியில் இரேனியஸ் விட்டுக்கொடுக்காத நெறி, ஊர்த் தெருக்களின் அமைப்பில் அவ்வளவாக நிறைவேறவில்லை. பாதுகாப்பைத் தந்த அதே எல்லை விலகலையும் தந்தது.

இரண்டாவது, ஒரு சமயத்தார் சங்கமாகத் திரண்டபோது எதிர்த்தரப்பினரும் சங்கமாகத் திரண்டனர். இரேனியஸ் மறைந்தபின் 1840களில் திருச்செந்தூரை மையமாகக் கொண்டு விபூதி சங்கம் எழுந்தது. சமய மாற்றத்தைத் தடுப்பதும் திருநீறு அணிந்து தாய்ச்சமயம் திரும்பச் செய்வதும் அதன் நோக்கங்கள். 1845இல் நல்லூர் வட்டாரத்தில் நேர்ந்த கலகம் இம்மோதலின் உச்சம். இரு தரப்பினரும் கையாண்ட அமைப்பு வடிவம் ஒன்றே என்பது நோக்கத்தக்கது.

இக்குறைகளுக்கு நடுவிலும் அதன் அடிப்படை நுண்ணறிவு மறுக்கத்தக்கதன்று. பள்ளி, கோயில், கிணறு ஆகியவற்றை நல்லுள்ளம் படைத்த எவரும் கட்டித் தரலாம். மனை பிறருடையதாக இருக்கும்வரை அவை மக்களுடையன ஆவதில்லை. இதனை இரேனியஸ் உணர்ந்திருந்தார். அதனால்தான் அவருடைய சங்கம் நிலம் வாங்குவதைத் தன் முதற்பணியாகக் கொண்டது.

முடிவுரை

இரேனியஸின் வாழ்வை இலக்கண ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், சமயத் தொண்டர் எனப் பகுத்துக் காணும் வழக்கம், அவற்றை இணைக்கும் இழையை மறைத்துவிடுகிறது. மக்கள் தம் மொழியிலும் தம் மண்ணிலும் நிலைபெற வேண்டும் என்னும் நோக்கமே அவ்விழை. பாளையங்கோட்டையின் முருகன்குறிச்சியில் அது நகர்ப்பகுதியாகவும், குலசேகரன்பட்டினத்தை அடுத்த தேரிநிலத்தில் சிற்றூர்களாகவும் வடிவெடுத்தது. ஊர்ப்பெயர்கள், நிலப்பத்திரங்கள், திருச்சபைக் குடும்பப் பதிவேடுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து இவ்வூர்களை ஒவ்வொன்றாக ஆராய்வது எதிர்கால ஆய்வுக்குரிய களமாகும். நெடுவிளை மெய்ஞ்ஞானபுரம் ஆனபோது அங்கு வாழ்ந்த குடும்பங்கள் எவ்வகை உரிமையோடு அம்மண்ணில் நின்றன என்பதற்கான விடை அப்பத்திரங்களில் கிடைக்கக்கூடும்.